கோடையில் கறவைப் பசுக்களுக்கு ஈஸ்ட் தீவனம்

பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும், கிராமப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவேடுகளில் இரண்டு எண்கள் இறங்கத் தொடங்குவதைச் சங்க அங்கத்தினர் யாவரும் அறிவர். ஒன்று, ஊற்றும் பாலின் அளவு. மற்றொன்று, அப்பாலில் உள்ள கொழுப்பு. பாலின் விலை கொழுப்பையும் இதர சத்தையும் பொறுத்து அமைவதால் உற்பத்தியாளருக்கு இரண்டு வழியிலும் நஷ்டம் ஏற்படுகிறது. ஒன்றிரண்டு பசுக்களின் பாலைக் கொண்டே வீட்டுச் செலவை நடத்தும் குடும்பங்களுக்குச் சித்திரையும் வைகாசியும் மிக நெருக்கடியான மாதங்களாகும். இந்நெருக்கடியில்தான், "கோடைக்கு ஈஸ்ட் கொடுத்தால் பால் குறையாது" என்ற சொல் அவர்கள் காதில் விழுகிறது. தீவனக் கடைகளில் ஈஸ்ட் பல பெயர்களில், பொட்டலமாகவும் டப்பாவாகவும் விற்கப்படுகிறது. அது பயன் தருமா, தருமாயின் எவ்வளவு தரும், எந்தப் பசுவுக்குத் தரும் என்பவற்றை விசாரியாமல் காசைச் செலவிடுவது நன்றன்று. விசாரியாமல் ஒதுக்கித் தள்ளுவதும் நன்றன்று. ஆகவே அதைப் பற்றி இங்கே சிறிது விரிவாகக் கவனிப்போம்.

வெயிலில் பசுவுக்கு நேர்வது

பசுவின் உடல் உஷ்ணம் இயல்பாக 38.5 டிகிரி சென்டிகிரேடு அளவில் இருக்கும். வெளியே அடிக்கும் வெயில் மட்டுமே அதற்குச் சூடு தருகிறது என்று எண்ணுவது சரியல்ல. தின்ற வைக்கோலும் புல்லும் தவிடும் அதன் முதல் வயிற்றில் இரவும் பகலும் புளித்துக்கொண்டிருக்கின்றன. அப்புளிப்பினால் உண்டாகும் சூடு, பால் சுரப்பதற்காக உடல் செய்யும் வேலையினால் உண்டாகும் சூடு ஆகிய இரண்டையும் பசு வெளியே தள்ளியாக வேண்டும். பால் அதிகம் கறக்கும் பசு அதிகம் தின்னுகிறது. ஆகையால் அதிகச் சூட்டை உண்டாக்குகிறது. ஒரு தெருவில் கட்டியிருக்கும் பசுக்களில் அதிகம் கறப்பதே முதலில் இளைப்பதற்குக் காரணம் இதுதான்.

வெப்பத்தோடு காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஓர் எண்ணைக் கால்நடை விஞ்ஞானிகள் கையாளுகின்றனர். அந்த எண் 72-ஐத் தாண்டினால் கறவைப் பசு வெயிலால் துன்புறத் தொடங்குகிறது என்பது நெடுங்காலமாக இருந்துவரும் கருத்து. அதிகம் கறக்கும் பசுக்களுக்கு 68-லேயே துன்பம் தொடங்கிவிடுகிறது என்பது பிற்காலத்து ஆராய்ச்சியின் முடிவு. நம் சமவெளி மாவட்டங்களில் 30 டிகிரி வெப்பமும் 60 சதவிகித ஈரமும் உள்ள ஒரு சாதாரண நாளிலேயே இவ்வெண் ஏறத்தாழ 80 ஆகிவிடும். அக்கினி நட்சத்திர நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. வேலூர், கரூர்ப் பகுதிகளில் பகல் வெயில் கொடுமையாயினும் இரவில் ஓரளவு தணியும். கடலோரக் கிராமங்களிலோ பகல் வெப்பம் அவ்வளவு ஏறாவிட்டாலும் இரவெல்லாம் புழுக்கம் நீங்குவதில்லை. பகலில் உடலில் சேர்ந்த சூட்டை இரவில் இறக்கிவைக்க வழியில்லாத பசுவின் நிலைமையே மோசமானது.

காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர் முதலிய நம் நாட்டு இன மாடுகள் இவ்வெயிலை நன்கு தாங்குபவை. அவற்றின் தோலில் வியர்வைச் சுரப்பிகள் அதிகம். தின்பதும் கறப்பதும் குறைவு. சமவெளிகளில் நாம் பெரும்பாலும் வளர்ப்பது ஜெர்சிக் கலப்பினப் பசு. அது பாலைத் தந்தையின் குலத்திலிருந்து பெற்றது. வெயிலைத் தாங்கும் சக்தியைத் தாயின் குலத்திலிருந்து பாதியளவே பெற்றது. நாம் இங்கே சொல்வன முக்கியமாக இக்கலப்பினப் பசுக்களைப் பற்றியனவே.

சூடு மிகுந்ததும் பசு இரைக்கத் தொடங்குகிறது. விலாப்புறம் ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து எண்ணினால், நிமிஷத்திற்கு 60-க்கு மேல் இருப்பின் பசு துன்பத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம். வாயில் எச்சில் ஒழுகுகிறது. தீனியில் முதலில் அது விட்டுவிடுவது நார் மிகுந்த வைக்கோலையும் தட்டையையும்தான்; ஏனெனில் அவை ஜீரணமாகும்போதுதான் சூடு அதிகம். நார்த் தீவனம் குறைந்தால் அசைபோடுவது குறைகிறது. அசைபோடுவது குறைந்தால் உமிழ்நீர் ஊறுவது குறைகிறது.

இந்த உமிழ்நீர் விஷயம் சற்று ஊன்றிக் கவனிக்கத்தக்கது. வளர்ந்த பசு ஒன்றுக்கு ஒரு நாளில் 100 லிட்டருக்கு மேலும் உமிழ்நீர் ஊறக்கூடும். நாம் ஆப்பசோடா என்று சொல்லும் பொருளுக்கு ஒப்பான காரச்சத்து அதில் உள்ளது. முதல் வயிற்றில் தீவனம் புளித்து உண்டாகும் அமிலத்தை இக்காரச்சத்துதான் நாள் முழுவதும் சமன் செய்துவருகிறது. வெயிற்காலத்தில் உமிழ்நீரின் ஒரு பகுதி வாய்வழியே தரையில் ஒழுகிப் போகிறது. மேலும், பசு விடாமல் இரைப்பதால் இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. அதை ஈடு செய்யும்பொருட்டு உடல் காரச்சத்தைச் சிறுநீரில் கழித்துவிடுகிறது. ஆக, ஊறும் உமிழ்நீரும் குறைவு, அதிலுள்ள காரமும் குறைவு.

இந்தச் சமயத்தில் பசுவின் சொந்தக்காரர் என்ன செய்கிறார்? வைக்கோலைத் தொடவில்லையே, பால் குறைகிறதே என்று கவலைப்பட்டுத் தவிட்டையும் பிண்ணாக்கையும் கூட்டி வைக்கிறார். கஞ்சியும் சோறும் கரைத்து ஊற்றுகிறார். அன்பினால் செய்யும் செயலே ஆயினும் விளைவு எதிராகிறது. மாவுச்சத்து விரைவில் புளித்து லாக்டிக் அமிலமாகிறது. தயிரைப் புளிக்கச் செய்யும் அதே அமிலந்தான். அதை அடக்கக் காரச்சத்து போதவில்லை. வைக்கோலைச் செரிக்கச் செய்யும் நல்ல நுண்ணுயிர்கள் அமிலத்தில் நலிந்துபோகின்றன. நார்ப்பொருள் புளித்து உண்டாகும் அசெட்டிக் அமிலமே பாற்கொழுப்புக்கு முக்கியமான மூலப்பொருளாதலால், நார்ச் செரிமானம் தளர்ந்ததும் பாலில் கொழுப்பும் இறங்குகிறது. சாணம் இளகி, நுரைத்து, அதில் தானியம் அப்படியே தென்படும். சங்கத்தில் கொழுப்பு இறங்கியதாகச் சீட்டு வரும்போது அளவைக் கருவியின்மேல் சந்தேகப்படுவதற்கு முன்னர் நாம் சாணத்தைப் பார்ப்பது நல்லது.

ஈஸ்ட் என்பது யாது?

ஈஸ்ட் ஒரு மருந்து அன்று, உப்பும் அன்று. அது கண்ணுக்குத் தெரியாத ஒரு காளான் வகை உயிர். ரொட்டிக்கடையில் மாவை உப்பச் செய்வதும், தெற்குச் சீமையில் ஆப்ப மாவில் கள் சேர்த்தபோது அதைப் பொங்கச் செய்ததும் இவ்வினமே. ஈஸ்ட் உயிருள்ள பொருள் என்பது 1830-களிலேயே ஐரோப்பிய விஞ்ஞானிகள் சிலரால் கண்டறியப்பட்டது. புளிப்பு என்பது உயிர்களின் செயலே என்பதை லூயி பாஸ்டர் 1857-ம் ஆண்டு முதல் செய்த ஆராய்ச்சிகளால் நிலைநாட்டினார். கறவைப் பசுக்களுக்கு ஈஸ்ட் கொடுத்துப் பார்த்த சோதனை ஒன்று அமெரிக்காவின் பால் விஞ்ஞானப் பத்திரிகையில் 1925-ம் ஆண்டிலேயே வெளியாகியுள்ளது. ஆகவே இது நேற்றுத் தோன்றிய புதுமை என்று ஐயுற வேண்டியதில்லை. அது எவ்வாறு வேலை செய்கிறது என்பது தெளிவானதுதான் பிற்காலத்தில்.

பசுவின் முதல் வயிறு பிராணவாயு இல்லாத இடம். அங்கே வாழ்ந்து நாரைச் செரிக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குப் பிராணவாயு விஷம் போன்றது. ஆனால் பசு விழுங்கும் ஒவ்வொரு கவளத்தோடும், குடிக்கும் ஒவ்வொரு மிடறு தண்ணீரோடும் சிறிது பிராணவாயு உள்ளே போகத்தான் செய்கிறது. உயிருள்ள ஈஸ்ட் அதை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் மற்ற நுண்ணுயிர்கள் செழிக்கின்றன. ஸ்காத்லாந்து நாட்டு அபர்தீன் நகரிலுள்ள ரௌவெட் ஆராய்ச்சி நிலையத்தார் 1996-ம் ஆண்டில் இதை ஓர் அழகிய சோதனையால் காட்டினர். பிராணவாயுவை உட்கொள்ளும் சக்தியை இழந்த ஈஸ்ட் வகைகளை எடுத்துக்கொண்டு அவர்கள் சோதித்தபோது, அவை நுண்ணுயிர்களைப் பெருகச் செய்யவில்லை. அச்சக்தி உள்ள ஈஸ்ட் பெருகச் செய்தது. வேலை நடப்பது பிராணவாயுவை அகற்றுவதனால்தான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இரண்டாவதாக, முதல் வயிற்றில் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்களும் உண்டு, அதையே உணவாகக் கொள்ளும் நுண்ணுயிர்களும் உண்டு. ஈஸ்ட் முதல் வகையினரோடு சர்க்கரைக்குப் போட்டியிடுகிறது. இரண்டாம் வகையினருக்கு வளர்ச்சிச் சத்துக்களைத் தருகிறது. இதனால் அமிலம் தேங்குவது குறைகிறது.

கவனித்துப் பார்த்தால், வெயிற்காலத்தில் முதல் வயிறு எந்த இடத்தில் தளர்கிறதோ அந்த இடத்தில்தான் ஈஸ்ட் கை கொடுக்கிறது என்பது விளங்கும். கோடையையும் ஈஸ்ட்டையும் சேர்த்துப் பேசுவதற்கு நியாயம் இதுவே. எனினும் அது உடல் உஷ்ணத்தைத் தணிக்கும் பொருள் அன்று. வெயிலில் கட்டிய பசுவுக்கு ஈஸ்ட் கொடுத்து நிழலின் பலனை எதிர்பார்ப்பது வீண். அமெரிக்காவில் அரிஸோனா பல்கலைக்கழகத்தார் 2009-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. வெப்பத்தில் வாடும் பசுக்கள் எவ்வளவு தின்றனவோ அதே அளவு தீனியை மட்டும், குளிர்ச்சியான கொட்டகையிலிருந்த பசுக்களுக்கும் அளந்து கொடுத்துப் பார்த்தனர். வெப்பத்தால் குறைந்த பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் தீனி குறைந்ததால் நேர்ந்தது. மிகுதி, சூடு உடலின் போக்கையே மாற்றிவிடுவதால் நேர்ந்தது என்று கண்டனர். அதே குழுவினரின் பிந்திய சோதனையில் இது பாதியளவு என்று வந்தது. ஆகவே வயிற்றை எவ்வளவு செம்மைப்படுத்தினாலும், இழந்த பாலில் ஒரு பகுதியைத்தான் தீனியின் வழியே மீட்கலாம்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

விற்பவர் சொல்லும் கணக்கும் சோதனை சொல்லும் கணக்கும் ஒன்றல்ல. பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர் 2009-ம் ஆண்டில், அதுவரை உலகெங்கும் வெளியான 110 ஆராய்ச்சிக் கட்டுரைகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டனர். அதன்படி ஈஸ்ட்டினால் கிடைத்த அதிகப் பால், பசுவின் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சராசரி 1.2 கிராம். நம் ஜெர்சிக் கலப்பினப் பசுவின் எடை 350 கிலோ என்று வைத்துக்கொண்டால் 420 கிராம். அதாவது அரை லிட்டருக்கும் சற்றுக் குறைவு. கொழுப்பும் மிகச் சிறிதளவு கூடியது.

கோடையில் மட்டும் செய்த சோதனைகளும் உள்ளன. இஸ்ரேல் நாட்டில் வெயிற்காலத்தில் 42 பசுக்களைக் கொண்டு நடத்தி 2009-ல் வெளியிட்ட சோதனையில், உயிருள்ள ஈஸ்ட் தின்ற பசுக்கள் நாளொன்றுக்குச் சுமார் 1.5 கிலோ பால் அதிகம் கறந்தன. ஆனால் அவை நாளொன்றுக்கு 36 கிலோ கறக்கும் பசுக்கள் என்பதை மறத்தல் ஆகாது. அமெரிக்காவில் கோடைகாலத்தில் நடத்தி 2004-ல் வெளியான வேறொரு சோதனையில் பால் கூடவேயில்லை. ஆயினும் தின்ற தீனிக்குக் கிடைத்த பாலைக் கணக்கிட்டபோது சுமார் 7 சதவிகிதம் ஆதாயம் தெரிந்தது. அதாவது, அதே பாலைச் சற்றுக் குறைந்த தீனியில் கறந்தன.

இவற்றை நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்கும்போது நம்முடைய அபிப்பிராயம் இதுதான்: வேளைக்கு ஐந்து லிட்டரும் அதற்கு மேலும் கறந்து, நாளொன்றுக்கு நான்கைந்து கிலோ கலப்புத் தீவனம் தின்னும் பசுவுக்கு, அதிலும் கன்று ஈன்று மூன்று மாதங்களுக்குள் கோடை வந்துவிட்ட பசுவுக்கு, ஈஸ்ட் கொடுத்துப் பார்ப்பது தகும். மொத்தம் மூன்று நான்கு லிட்டர் கறந்து, மேய்ச்சலையும் வைக்கோலையும் நம்பியிருக்கும் பசுவின் வயிற்றில் அமிலம் தேங்குவது அபூர்வம். அதற்கு ஈஸ்ட் வாங்கும் காசுக்குப் பசுந்தீவனமும் தாது உப்புக் கலவையும் வாங்குவதே மேல். வற்றிய பசுவுக்கும் கிடேரிக்கும் கோடையை முன்னிட்டு இதை வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

கணக்கும் எளிதே. 420 கிராம் பால் என்பதை ஒரு லிட்டரில் ஐந்தில் இரண்டு பங்கு என்று கொள்ளலாம். சங்கத்தில் லிட்டருக்கு என்ன விலை கிடைக்கிறதோ அதில் ஐந்தில் இரண்டு பங்குதான் ஈஸ்ட் தரக்கூடிய வரவு. அதுவும் சராசரியே, சில பசுக்களில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். ஆகையால் நாளொன்றுக்கு ஈஸ்ட்டுக்கு ஆகும் செலவு லிட்டர் விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுமானால் அதை வாங்காதிருப்பதே புத்திசாலித்தனம் என்போம்.

வாங்கும்போதும் கொடுக்கும்போதும்

கடையில் ஈஸ்ட் என்ற பெயரில் மூன்று வகைப் பொருள்கள் கிடைக்கின்றன. முதலாவது, உயிருள்ள உலர்ந்த ஈஸ்ட். இரண்டாவது, ஈஸ்ட்டை அது வளர்ந்த தானியப் பொருளோடு சேர்த்து உலர்த்தியது. மூன்றாவது, சாராய ஆலைகளிலிருந்து வரும் செத்த ஈஸ்ட். மூன்றாவது நல்ல புரதச்சத்தும் பி வைட்டமின்களும் உள்ள தீவனமே. ஆயினும் பிராணவாயுவை உறிஞ்சும் வேலையை அது செய்ய இயலாது. நாம் மேலே சொன்ன பலனை எதிர்பார்ப்பவர் முதல் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். உறையின்மேல் ஒரு கிராமில் உள்ள உயிரணுக்களின் எண்ணிக்கை 1,000 கோடி, 2,000 கோடி என்பதுபோல் அச்சிடப்பட்டிருக்கும். எண்ணிக்கையே அச்சிடாத பொட்டலத்தையும், காலாவதி தேதி நெருங்கியதையும் வாங்கலாகாது. வெயில் படும் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த பொட்டலத்தில் உயிர் மிஞ்சியிருப்பது சந்தேகம்.

சந்தேகம் தீர எளிய சோதனை ஒன்று உண்டு. கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு தம்ளர் எடுத்து, ஒரு கரண்டி சர்க்கரை கரைத்து, அதில் ஒரு சிட்டிகை ஈஸ்ட்டைத் தூவி வைத்தால் அரைமணி நேரத்தில் நுரை பொங்கும். மேல்பூச்சு இட்ட தயாரிப்புகள் சற்றுத் தாமதமாகப் பொங்கும். மறுநாள் வரை ஒன்றுமே நேராவிட்டால் அது உயிரற்றது. இரண்டாம் வகை ஈஸ்ட்டுக்கு இச்சோதனை பொருந்தாது.

புளித்த இட்லி மாவையோ, பழைய கஞ்சியையோ ஊற்றினால் அதுவும் ஈஸ்ட்தானே என்று கேட்பவர் உண்டு. இட்லி மாவைப் புளிக்கச் செய்வதில் பெரும்பங்கு லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்களுடையது. ஏற்கெனவே அமிலம் தேங்கிய வயிற்றில் மேலும் அமிலத்தையும் மாவையும் ஊற்றுவது நோய்க்கு வழி. ரொட்டிக்கடை ஈஸ்ட் அதே இனத்தைச் சேர்ந்ததாயினும், பசுவின் வயிற்றில் தாக்குப்பிடிப்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ரகம் அன்று. ஆகவே அதன் பலனுக்கு உறுதி கூற இயலாது.

எவ்வளவு கொடுப்பது என்பது தயாரிப்பைப் பொறுத்தது. செறிவான உயிர் ஈஸ்ட் நாளொன்றுக்குச் சில கிராமே போதும். தானியப் பொருளோடு கூடியது 10 முதல் 60 கிராம் வரை வேண்டியிருக்கும். உறையில் கண்டபடி கொடுக்க வேண்டும். இருமடங்கு கொடுத்தால் இருமடங்கு பால் வராது. காலையிலும் மாலையிலும் வைக்கும் கலப்புத் தீவனத்தில் பாதிப்பாதியாகக் கலப்பது நலம். தீவனத்தைக் கொதிநீரில் ஊறவைப்பவர்களும், பருத்திக்கொட்டையும் தவிடும் வேகவைத்துக் கொடுப்பவர்களும் அது நன்கு ஆறிய பிறகே ஈஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். கொதிக்கும் சூடு அதைக் கொன்றுவிடும்.

ஈஸ்ட் பசுவின் வயிற்றில் நிலையாகக் குடியேறி வளர்வதில்லை. ஓரிரு நாளில் சாணத்தோடு கழிந்துவிடும். ஆகையால் ஒரு நாள் கொடுத்து மூன்று நாள் விட்டால் பயனில்லை. வயிற்றின் நுண்ணுயிர்கள் மாற்றத்திற்குப் பழக இரண்டு மூன்று வாரங்களும் வேண்டும். பால் குறைந்தபின் ஓடிப்போய் வாங்குவதைவிட மாசிக் கடைசியிலேயே தொடங்கி, ஆனி மாதம் காற்றடித்து வெப்பம் தணியும் வரை இடைவிடாமல் கொடுப்பதே முறை. அவ்வளவு நாட்களுக்கும் செலவு செய்ய இயலாதென்றால் தொடங்காமலே இருக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. கலியாண வீட்டுச் சோற்றையோ, பொங்கலையோ, மூட்டை அவிழ்ந்து கிடந்த அரிசியையோ அளவுக்கு மீறித் தின்றுவிட்ட பசு வயிறு உப்பி, அசைபோடாமல், தள்ளாடி நின்றால், அது உயிருக்கு ஆபத்தான நிலை. அப்போது ஈஸ்ட்டைக் கரைத்து ஊற்றிக்கொண்டு காலத்தைப் போக்குதல் கூடாது. மாவுத்தீனி யாவற்றையும் நிறுத்தி, உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

ஈஸ்ட்டுக்கு முன்னால்

காசு செலவில்லாத வழிகளையும் சிறு செலவில் ஆகும் வழிகளையும் செய்துமுடித்த பிறகே பொட்டலத்தைப் பற்றி நினைக்க வேண்டும் என்பது நம் கருத்து. முதலாவது தண்ணீர். நாளொன்றுக்குப் பத்து லிட்டர் கறக்கும் பசு கோடையில் 80, 100 லிட்டர் தண்ணீரும் குடிக்கும். காலை ஒரு வாளி, மாலை ஒரு வாளி என்று காட்டுவது அதன் தாகத்தில் பாதியையும் தீர்க்காது. தொட்டி எந்நேரமும் எட்டும் இடத்தில், நிழலில் இருக்க வேண்டும். வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தொட்டியிலுள்ள தண்ணீர் நடுப்பகலில் கை வைக்க முடியாதபடி சுடுகிறது. பசு முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். ஊர்ப் பொதுத் தொட்டிகளை மேற்பார்க்கும் பஞ்சாயத்து அங்கத்தினர் இதை நடுப்பகலில் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்டிக்கு மேலே நான்கு கால் நட்டுக் கீற்று வேய்வதற்கு ஆகும் செலவு அற்பம். பாசி படியாமல் வாரம் ஒருமுறை கழுவிச் சுண்ணாம்பு அடிப்பதற்கு ஆள் நியமிப்பதும் பஞ்சாயத்தால் ஆகக்கூடியதே. மேய்ச்சல் நிலத்திலும் தொட்டியின் அருகிலும் வேம்பு, புங்கம், வாகை வைத்து வளர்ப்பது பத்தாண்டு வேலை. ஆயினும் கூரை எதுவும் மரநிழலுக்கு ஈடாகாது.

கொட்டகைக்குத் தென்னங்கீற்றே சிறந்தது. தகரம் போட்டுவிட்டவர்கள் அதன்மேல் கீற்றையோ வைக்கோலையோ பரப்பலாம். பகலில் இரண்டு மூன்று முறை உடல் நனையத் தண்ணீர் ஊற்றி, காற்றுப் படும்படி நிறுத்த வேண்டும். காற்றோட்டமில்லாத கொட்டகையில் தண்ணீரை மட்டும் தெளித்துக்கொண்டிருந்தால் புழுக்கம் கூடுமே தவிரச் சூடு தணியாது. எருமைக்கோ குட்டையில் கிடப்பதே பெரிய மருந்து.

அடுத்தது தீனி வைக்கும் நேரம். தின்ற சில மணி நேரத்திற்குப் பிறகே வயிற்றில் புளிப்பின் சூடு உச்சத்தை அடைகிறது. காலை ஒன்பது மணிக்கு வைக்கோல் வைத்தால் அதன் சூடும் உச்சிவெயிலும் ஒன்றாகக் கூடுகின்றன. ஆகவே வைக்கோலையும் தட்டையையும் மாலை ஐந்து மணிக்கு மேலும், இரவு படுக்கப் போகுமுன்னரும், விடியற்காலையிலும் வைக்க வேண்டும். பகலில் கம்பு நேப்பியர்ப் புல், அகத்தி, வேலிமசால் போன்ற பசுந்தீவனத்தைச் சிறுகச் சிறுக வைக்கலாம். மாடு வியர்க்கும்போது இழக்கும் உப்புச்சத்தையும் பசுந்தீவனம் ஓரளவு ஈடு செய்யும். தாது உப்புக் கலவையோடு, கலப்புத் தீவனம் மிகுதியாகத் தின்னும் பசுவுக்கு ஆப்பசோடா 50 கிராம் நாள்தோறும் தீவனத்தில் கலந்து தரலாம். குறைந்த உமிழ்நீரின் வேலையை அது ஓரளவு செய்யும். விலையிலும் ஈஸ்ட்டைவிட எளியது. இவ்வளவும் நடந்துவரும் தொழுவத்தில் ஈஸ்ட்டைச் சேர்த்தால் அதன் பலன் தெரியும். இவை இல்லாத தொழுவத்தில் ஈஸ்ட் பலன் தரவில்லையெனில் குற்றம் ஈஸ்ட்டினுடையது அன்று.

வயிறு நல்ல நிலையில் உள்ளதா என்பதைக் கருவியின்றியே அறியலாம். தீனி தின்று ஓய்ந்து படுத்திருக்கும் பசுக்களில் பாதிக்கு மேற்பட்டவை அசைபோட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கவளத்தை மேலே கொண்டுவந்து 50, 60 தடவை மெல்லுவது இயல்பு. முப்பதோடு விழுங்கிவிட்டால் நார் போதவில்லை, அல்லது வயிறு சரியில்லை என்று அறியலாம்.

நம் ஊரில் நாமே சோதித்தல்

அயல்நாட்டுப் பண்ணைகளின் முடிவைப் படிப்பதோடு நில்லாமல், ஒரு கிராமச் சங்கமே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒருவர் தம் ஒரே பசுவுக்குக் கொடுத்து, முன்னும் பின்னும் பாலை ஒப்பிட்டால் உண்மை விளங்காது. இடையே இரண்டு மழை பெய்திருக்கலாம். ஈன்று நாளானதால் பாலும் தானாகவே குறைந்துகொண்டு வந்திருக்கலாம். ஆகவே ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஈன்று, ஒரே அளவில் கறக்கும் பத்துப் பசுக்களைத் தேர்ந்தெடுத்து, ஐந்துக்கு ஈஸ்ட் கொடுத்தும் ஐந்துக்குக் கொடாமலும் ஆறு வாரம் பார்க்க வேண்டும். எந்தப் பசு எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது அவசியம். இல்லையேல் நல்ல பசுவுக்கே ஈஸ்ட் போய்விடும். பிறகு பக்கம் மாற்றி இன்னும் ஆறு வாரம். பக்கம் மாறிய முதல் மூன்று வாரங்களின் கணக்கைச் சேர்க்கலாகாது. வயிறு பழகும் காலம் அது. பாலின் அளவும் கொழுப்பும் இதர சத்தும் நாள்தோறும் சங்கத்திலேயே பதிவாவதால் தனியே கருவி வேண்டியதில்லை. கூடவே எழுதி வைக்க வேண்டியது நடுப்பகல் வெப்பமும், அன்று ஒவ்வொரு பசுவும் மீதி வைத்த வைக்கோலின் அளவுமே.

பன்னிரண்டு வாரம் என்பது மாசிக் கடைசியில் தொடங்கினால் வைகாசி நடுவில் முடியும். செலவைச் சங்கமே ஏற்றுக்கொண்டால் ஏழை உறுப்பினரின் பசுவும் சோதனையில் சேரும். உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தின் உதவி மருத்துவரைத் தொடக்கத்திலேயே கலந்துகொண்டு, நோயுற்ற பசுவையும் சினை முற்றிய பசுவையும் நீக்கிவிட வேண்டும். முடிவில் வரும் இரண்டு எண்களை, அதாவது ஈஸ்ட் தின்ற பக்கம் கூடுதலாகப் பெற்ற பால் பணத்தையும் ஈஸ்ட்டுக்கு ஆன செலவையும், சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் அருகருகே எழுதி, வரவு மிஞ்சினாலும் செலவு மிஞ்சினாலும் அப்படியே வைத்தால், அடுத்த பங்குனியில் பொட்டலத்தோடு வருபவரிடம் உறுப்பினர்கள் என்ன கேட்க வேண்டும் என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கும்.